உச்சிப்புளிப் பக்கம் வாங்கிய மர வாத்துகள்: ஒரு வருடம் வைத்திருந்த பிறகு எழுதுகிறேன்

போன வருடம் ஜனவரியில் ஒரு ஜோடி புள்ளிமூக்கு வாத்தும் ஒரு ஊசிவால் வாத்தும் வாங்கினேன். மூன்றும் மரம். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் மெயின் ரோட்டை விட்டுக் கடல் பக்கம் இறங்குகிற மண் பாதையில், வீட்டுக்குப் பின்னால் பனை ஓலைக் கொட்டகை போட்டு ஒரு அண்ணனும் மதினியும் செய்கிறார்கள். அண்ணன் நாட்டுப்படகு கட்டிய ஆசாரி. செதுக்குவது அவர், வர்ணம் மதினி. போர்டு எதுவும் கிடையாது, விசாரித்துத்தான் போக வேண்டும்.

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். புள்ளிமூக்கு ஒன்று 2,400 ரூபாய், ஊசிவால் 3,200. கேட்டதும் அதிகம் என்றுதான் எனக்கும் பட்டது. கொட்டகையில் அரை நாள் உட்கார்ந்து பார்த்த பிறகு பேரம் பேச வாய் வரவில்லை.

உடம்புக்கு மலைவேம்பு. ஒரே கட்டையாகச் செதுக்கினால் உள்ளே ஈரம் நின்று பின்னால் வெடிக்கும் என்று இரண்டு பாதியாக எடுத்து, நடுவில் குடைந்து, பசை போட்டு ஒட்டுகிறார். தலை தனிக்கட்டை. அதில்தான் கைத்திறன் தெரிகிறது: மரத்தின் ரேகை அலகின் நீளத்துக்கு ஓடுகிற மாதிரி கட்டையைத் திருப்பி வைத்து அறுக்கிறார், குறுக்கே ஓடினால் ஒரு முறை கீழே விழுந்தாலே அலகு முறிந்துவிடும். இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லை, எல்லாம் மூங்கில் முளை. இந்த உப்புக் காற்றில் இரும்பு என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு முன்னால் ஒரு சுற்றுலாக் கடையில் வாங்கிய மரக்கொக்கு ஆறே மாதத்தில் கழுத்தோரம் துரு கசிந்து கறையாகி, தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

வயிற்றுக்கு அடியில் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டைப் பதித்திருக்கிறார். "தம்பி, தண்ணியில போட்டுப் பார்க்காம வாங்கிட்டுப் போகாதீங்க" என்று சொல்லி, சிமென்ட் தொட்டியில் வாத்தை வேண்டுமென்றே தலைகீழாக எறிந்தார். ஒரு முழுக்கு. ஒரு பக்கமாக ஆடி நிமிர்ந்து, அலகை லேசாகத் தூக்கியபடி நின்றது. படகு கட்டிய கைக்குத்தான் அந்த எடை நிதானம் வரும்.

வர்ணத்துக்கு வருகிறேன். ஊசிவால் ஆணுக்கு விலாப்பக்கம் சாம்பல் நிறத்தில் மயிரிழை போலக் கோடு கோடாக இருக்கும் இல்லையா, அதைத் தூரிகையால் போட்டால் நாள் முழுக்க ஆகும். மதினி ஈர வர்ணத்தின் மேல் பேன் சீப்பை வைத்து, கையை மெல்ல நடுக்கிக்கொண்டே இழுக்கிறார். சீப்பு போன வழியெல்லாம் அடியில் இருக்கிற வெள்ளை தெரிகிறது, அவ்வளவுதான், இறகு வந்துவிட்டது! அமெரிக்காவில் பழைய வாத்துச் செதுக்கர்களும் சீப்பை இப்படித்தான் பயன்படுத்தினார்கள். மேலே வார்னிஷ் கிடையாது, மினுமினுப்பே இல்லாத பூச்சு. சக்கரக்கோட்டைக் கண்மாயில் விடியற்காலை நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், நிஜ வாத்தின் முதுகு அப்படிப் பளபளக்காது. புள்ளிமூக்கில் கருப்பு அலகு, நுனியில் மஞ்சள், அடியில் இரண்டு பக்கமும் சிவப்புப் பொட்டு, மூன்றும் சரியான இடத்தில் இருக்கின்றன.

இந்த மர வாத்து அமெரிக்காவில் வேட்டைச் சாமான். தண்ணீரில் மிதக்க விட்டு, பறந்து போகிற கூட்டத்தைக் கீழே இறங்க வைக்க. நெவாடாவில் லவ்லாக் குகையில் 1924-ல் கோரையால் செய்த வாத்துகளைக் கண்டெடுத்தார்கள், சுமார் 2,000 வருடம் பழையவை. எல்மர் குரோவெல் என்ற அமெரிக்கச் செதுக்கர் செய்த ஊசிவால் ஒன்று 2007-ல் பத்து லட்சம் டாலருக்கு மேல் போனது. நம் பழந்தமிழிலும் இதற்குப் பெயர் உண்டு, 'பார்வை' என்பார்கள், வேடன் பழக்கி வைத்து மற்றதை இழுக்கிற விலங்கு அல்லது பறவை. இங்கே இப்போது காட்டுப் பறவையைப் பிடிப்பதும் சுடுவதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கண்மாயில் மிதக்க விட ஒரு டஜன் வேண்டும் என்று கேட்டு வந்த ஒருவரை அண்ணன் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். வீட்டில் வைக்கத்தான் தருவேன் என்கிறார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியதே இதனால்தான்.

குறை இல்லாமல் இல்லை. மூன்று வாரம் என்று சொல்லி ஆறு வாரம் ஆக்கினார். ஊசிவாலை மதுரையில் இருக்கும் அக்காவுக்குக் கூரியரில் அனுப்பினேன், வால் முறிந்து போய்ச் சேர்ந்தது. கூரியர்க்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். அண்ணனிடம் திருப்பிக் கொண்டு போனேன், தேக்கில் வாலைத் தனியாகச் சீவிச் சொருகித் தந்தார், காசு வாங்கவில்லை. இப்போது எல்லா ஊசிவாலுக்கும் தேக்கு வால்தான் போடுகிறார். என்றாலும் அதைக் கையில் எடுத்துப் போவது நல்லது. பூநாரையும் செய்கிறார்கள், அதை வாங்க வேண்டாம். கால் மெல்லிய கம்பி, நிற்கும்போதே ஆடுகிறது, ரோஜா நிறமும் தனுஷ்கோடியில் பார்க்கிற நிறம் இல்லை.

ராமேஸ்வரம் கடைகளில் சங்கும் சிப்பியும்தான் வரிசை கட்டி நிற்கின்றன. சித்திரங்குடியும் கஞ்சிரங்குளமும் 2022-ல், சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-ல் என்று நான்கு பறவைகள் சரணாலயங்கள் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) இருக்கிற மாவட்டம் இது. நம் கண்மாய்க்கு வருகிற பறவையை நேரில் பார்த்துச் செய்கிறவர்கள் என்று எனக்குத் தெரிந்து இவர்கள் இரண்டு பேர்தான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போகிறவர்கள் முதலில் புள்ளிமூக்கு ஜோடி வாங்குங்கள். ஜன்னலோரம் வெயில் நேராகப் படாத இடத்தில் வையுங்கள், துடைக்க ஈரத்துணி வேண்டாம், பழைய காய்ந்த தூரிகை போதும். நான் அடுத்துத் தட்டைவாயன் வாத்துக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். "சீசன்ல கண்மாய்ல போய் ஒரு தடவை நல்லாப் பார்த்துட்டு ஆரம்பிக்கிறேன், தம்பி" என்றார் மதினி. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.