கதைக்கு ஊர் தேட கூகுள் மேப்ஸ்: சென்னைக்கு ஐந்து நட்சத்திரம், ஆம்பூருக்கு மூன்றரை

கதை எழுதுகிறவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் கருவிகளில் கூகுள் மேப்ஸை அடித்துக்கொள்ள ஆளில்லை. கல்யாண மண்டபத்துக்கு வழி பார்க்க எல்லோரும் போனில் வைத்திருக்கும் அதே செயலிதான். அதோடு சேர்ந்து வரும், தெருவில் நின்று பார்க்கிற மாதிரி படம் காட்டும் ஸ்ட்ரீட் வியூ, செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கக் கணினியில் போட்டுக்கொள்கிற கூகுள் எர்த் ப்ரோ, மூன்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன். வழி காட்டுவதில் எப்படி என்பதை ஏகப்பட்ட பேர் எழுதிவிட்டார்கள், அது இங்கே வேண்டாம். நாவலோ சிறுகதையோ எழுத உட்கார்ந்துவிட்டு, கதையைச் சென்னையில் வைப்பதா, அதிகம் பேர் தொடாத ஓர் ஊரில் வைப்பதா என்று மண்டையைச் சொறிந்துகொண்டிருக்கிறவருக்கு இது எவ்வளவு தூரம் உதவும் என்பதுதான் கேள்வி. என் பதில்: ஊரை முடிவு செய்த பிறகு திறந்தால் அருமையான கருவி, முடிவு செய்வதற்காகத் திறந்தால் கையைப் பிடித்துச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்ட்ரீட் வியூ இந்தியாவுக்கு வந்த கதையே பெரிய நகரத்துக் கதைதான். 2011இல் பெங்களூரில் கேமரா வைத்த கார்களை ஓடவிட்டார்கள், பாதுகாப்பைக் காரணம் காட்டி போலீஸ் நிறுத்தியது. 2016இல் மத்திய அரசு முடியாது என்றது. அப்புறம் வரைபடத் தரவு விதிகள் தளர்ந்து, ஜெனிசிஸ் இண்டர்நேஷனல், டெக் மஹிந்திரா என்ற இந்திய நிறுவனங்கள் படம் எடுத்துத் தர, 2022 ஜூலையில் பத்து நகரங்களோடு மறுபடி ஆரம்பித்தது. அந்தப் பத்தில் தமிழ்நாட்டிலிருந்து இருந்தது சென்னை மட்டும். பிறகு விரிந்தது, ஆனாலும் எங்கே எவ்வளவு அடர்த்தியாகப் படம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே கற்பனையும் ஓடும் என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியும். தெரு தெருவாகப் பார்க்க முடிகிற ஊரில் நாயகனை நடக்கவிடுவது சுலபம்.

சென்னைக்கு இது எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லாமல் விட்டால் அநியாயம். ஒரு பாத்திரம் தாம்பரத்தில் வேலை முடித்துச் சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பி ஏழு மணிக்குள் எண்ணூரில் இருந்தாக வேண்டும் என்று உங்கள் கதை கேட்டால், புறப்படும் நேரத்தை ஆறு மணி என்று வைத்துப் பாருங்கள், அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதப் போகிறீர்கள். திரைக்கதையில் எடிட்டிங் இந்த மாதிரி ஓட்டைகளை மறைத்துவிடும், நாவலில் மறைக்காது. இன்னொன்று, சென்னை வாசகர்கள் எண்ணிக்கையில் அதிகம், சும்மாவும் விடமாட்டார்கள். 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்து, தெற்கே போகிற வண்டிகள் அங்கே மாறிய பிறகும், 2024இல் நடக்கும் கதையில் மதுரைக்காரன் ராத்திரி ஒன்பதரைக்குக் கோயம்பேட்டில் அரசு விரைவுப் பேருந்து ஏறினால் முதல் கடிதம் அதைப் பற்றித்தான் வரும். அதே கோயம்பேடு நிலையம் 2002க்கு முன்னால் இல்லவே இல்லை, அதற்கு முந்தைய கதை என்றால் ஆளைப் பாரிமுனைக்குத்தான் அனுப்ப வேண்டும். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகத் தடுப்பு வைத்திருக்கும் சாலைகளின் படங்களில் ஓரத்தில் இருக்கும் மாதம், வருடத்தைப் பார்த்துக்கொண்டால், கதை நடக்கும் நேரத்தில் தெரு திறந்திருந்ததா என்பதற்கு ஒரு துப்பு கிடைக்கும். பழைய தேதிப் படங்கள் இருக்கிற இடங்களில் பின்னோக்கிப் போகவும் வசதி உண்டு. இதையெல்லாம் சேர்த்துத்தான் சென்னைக்கு ஐந்து நட்சத்திரம்.

ஆனால் இந்த ஐந்து நட்சத்திரத்தில்தான் சிக்கலே. எல்லோரும் ஒரே கண்ணாடி வழியாகப் பார்க்கிறோம். ஸ்ட்ரீட் வியூ வண்டி பகலில் ஓடுகிறது, நல்ல வெளிச்சத்தில், சாலையின் நடுவிலிருந்து, காரின் கூரை உயரத்திலிருந்து படம் எடுக்கிறது. முகங்களையும் வண்டி எண்களையும் மங்கலாக்கிவிடும். அதனால் இதை வைத்து எழுதப்பட்ட சென்னையில் மழை கிடையாது, விடிகாலை நாலு மணி கிடையாது, மீன் வாடை கிடையாது, கார் நுழையாத சந்து கிடையாது, முகமும் கிடையாது. பெயர்ப் பலகைகள் மட்டும் ஏராளம். சமீபத்திய சென்னைக் கதைகள் பலவற்றில் கடைப் பெயர்களும் சிக்னல்களும் மேம்பாலங்களும் வரிசையாக வந்துகொண்டிருக்க, அந்த ஊரில் யாருமே எதுவும் வேலை செய்கிற மாதிரி தெரியாதது ஏன் என்று யோசித்தால், எனக்கு இந்தச் செயலி மேல்தான் சந்தேகம். நான் சொல்வது கொஞ்சம் அதிகமாகவும் இருக்கலாம், பரவாயில்லை.

சரி, அதிகம் தொடாத ஊர் என்றால் எது? ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சுலபம், பெருநகரத்தை விட்டால் எல்லாமே புதுசு. தமிழில் அப்படி இல்லை. கரிசல், நாஞ்சில் நாடு, காவிரிக்கரை, தாமிரபரணிக்கரை, கொங்கு, எல்லாம் தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்டுவிட்டன. சென்னையை விட்டு ஓடுகிறேன் என்று கிளம்பித் திருநெல்வேலிக்குப் போகிறவர் அங்கே இன்னும் பெரிய கூட்டத்தில் போய் நிற்கிறார். உண்மையில் ஆள் குறைவாக இருப்பது ஓசூர், கும்மிடிப்பூண்டி, ராணிப்பேட்டை, லாரி பாடி கட்டும் நாமக்கல் மாதிரியான இடங்கள். பாட்டி ஊர் என்ற ஏக்கம் இல்லாத தொழில் ஊர்கள்.

நான் சோதித்துப் பார்க்க எடுத்துக்கொண்டது ஆம்பூர். சென்னையிலிருந்து ஏறக்குறைய 180 கிலோமீட்டர், 2019இல் வேலூரிலிருந்து பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது, 2011 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் மக்கள். செயலியில் ஆம்பூர் என்று தட்டியதும் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும், பிரியாணிக் கடைகள். நெடுஞ்சாலை ஓரமாக வரிசையாகக் கொட்டுகிறது. சீரகச் சம்பா அரிசி, கத்தரிக்காய்த் தொக்கு, வெங்காயப் பச்சடி, தட்டின் படம் மேலிருந்து எடுத்தது, கீழே வார இறுதியில் காரில் வந்து போனவர்களின் பாராட்டும் புலம்பலும். இதை வைத்து ஆம்பூர்க் கதை எழுதினால் அது மெரினாவில் சுண்டல் சாப்பிட்டு எழுதிய சென்னைக் கதையின் தம்பி. ஊரைக் கடந்து போகிறவர்களின் ஆம்பூரைத்தான் செயலி முன்னால் எடுத்து வைக்கிறது, அங்கே இருக்கிறவர்களின் ஆம்பூரைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

தேடினால் கிடைக்கிறது, அதுதான் எனக்கு ஆச்சரியம். பிரியாணிக் கடைகளை விட்டுவிட்டு ஷூ கம்பெனிகள், தோல் பதனிடும் ஆலைகள், பேருந்து நிறுத்தங்கள், பள்ளிவாசல்கள், மெடிக்கல் கடைகள் என்று ஒவ்வொன்றாகத் தட்டி, அவற்றின் கீழே ஜனங்கள் எழுதியிருப்பதைப் படியுங்கள். வேலை செய்கிறவர்கள் எழுதுகிறார்கள். சம்பளம், கேன்டீன், கம்பெனி பஸ் எந்த ஊர் வரைக்கும் வரும், சூப்பர்வைசர் எப்படி, இதெல்லாம் வரும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியவர்கள், நடுவில் உருதுச் சொல் போடுகிறவர்கள், வாக்கியத்தை முடிக்காமலே போய்விடுகிறவர்கள். தமிழும் உருதுவும் கலந்து புழங்கும் ஊர் அது, தெலுங்கும் காதில் விழும். உரையாடல் எழுத இதைவிடப் பெரிய உதவியை இந்தச் செயலி வேறு எங்கும் தரவில்லை. விளம்பரத்துக்காக எழுதிய போலி விமர்சனங்களும் உண்டு, அதன் நடையே வேறு, இரண்டு படித்தால் மூக்கு கண்டுபிடித்துவிடும்.

இந்த ஊரில் கதைக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், ஊரே ஷிப்டு நேரத்தில் எழுந்து ஷிப்டு நேரத்தில் படுக்கிறது. சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்கள் கம்பெனி பஸ்ஸில் வந்து கட்டிங்கிலும் ஸ்டிச்சிங்கிலும் உட்கார்ந்து, அவர்கள் போடவே போடாத ஷூக்களைத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஆர்டர் குறைந்தால் இங்கே ஓவர்டைம் போகும், ஓவர்டைம் போனால் சீட்டுப் பணம் கட்ட முடியாது, கதை அங்கேயே ஆரம்பித்துவிடும். பாலாறு பக்கத்திலேயே ஓடுகிறது, ஓடுகிறது என்பது ஒரு பேச்சுக்குத்தான், வருடத்தில் பெரும்பகுதி மணல். தோல் ஆலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. ஒவ்வோர் ஆலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டார்கள். ஆலையில் சம்பளம் வாங்கும் மகன், கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப்போன அப்பா, ஒரே வீட்டில் இரண்டு பேர். இதைச் சென்னையில் வைத்து எழுதினால் செய்தியாக இருக்கும், இங்கே வைத்தால் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துச் சண்டையாக இருக்கும். அப்புறம் விடியும் முன்னே ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்குப் போய் மாலையில் திரும்பும் ஏலகிரி எக்ஸ்பிரஸ். தினமும் ஒரே முகங்கள் ஒரே பெட்டியில் ஏறுகிற வண்டி, ஒரு நாவலுக்கு அதுவே போதும்.

பாலாற்றைப் பார்க்க கூகுள் எர்த் ப்ரோவைத் திறங்கள். 2015 முதல் அது இலவசம். பழைய செயற்கைக்கோள் படங்களை வருடவாரியாக நகர்த்தலாம், ஆற்றுப் படுகையின் நிறமும் அகலமும் மாறுவதும், ஊரின் ஓரத்தில் கூரைகள் முளைப்பதும் தெரியும். ஐம்பது வயதுப் பாத்திரம் ஒன்று 'அப்போ இங்க ஒண்ணுமே இல்ல' என்று சொல்லும்போது, குறைந்தது அண்மை வருடங்களுக்காவது அது பொய்யா நிஜமா என்று பார்த்துக்கொள்ளலாம். அதற்கும் முந்தையது வேண்டுமென்றால் மாவட்டத் தகவல்களைத் தொகுத்த வெள்ளைக்காரர் காலத்து கெஜட்டியர்தான் கதி, அது தனி விஷயம்.

இவ்வளவு இருந்தும் ஒன்றரை நட்சத்திரம் குறைத்ததற்கு முதல் காரணம் வாடை. சுண்ணாம்பில் ஊறிய தோலின் வாடை எந்தச் செயலியிலும் வராது, ஆம்பூரில் அது இல்லாமல் ஒரு பக்கம்கூட எழுத முடியாது. ஏலகிரி எக்ஸ்பிரஸிலேயே ஏறிப் போய் ஒரு வாரமாவது தங்கியே ஆக வேண்டும், அதுவும் லாட்ஜில் இல்லாமல் யார் வீட்டிலாவது. இரண்டாவது காரணம் இந்தக் கருவியே எச்சரிக்காத ஒன்று. சென்னையில் ஒரு கெட்ட முதலாளியை எழுதினால் அவர் பெருங்கூட்டத்தில் ஒருவர், யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு லட்சம் பேர் ஊரில், வரைபடத்தில் பார்த்த அதே வளைவில், அதே இரும்புக் கேட்டோடு ஓர் ஆலையை வைத்து அதற்குக் கெட்ட முதலாளியைப் போட்டால், ஊரே ஒருத்தரைக் கைகாட்டும். அந்த மனிதர் உங்கள் கதைக்குச் சம்பந்தமே இல்லாதவராக இருப்பார். ஆற்றையும் ரயிலையும் நெடுஞ்சாலையையும் உள்ளபடி வையுங்கள், ஆலையையும் அது இருக்கும் தெருவையும் நீங்களே கட்டுங்கள். செயலியின் துல்லியம் இந்த இடத்தில் உதவியைவிட உபத்திரவம்.

சென்னையையே எழுதியாக வேண்டும் என்கிறவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 2011இல் மாநகராட்சி எல்லை விரிந்து 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டு ஆகிவிட்டது. அதில் கதைக்கு வந்தது எத்தனை? திருவொற்றியூர், மணலி, எண்ணூர் பக்கம் செயலியைத் திருப்பி, மேலே சொன்ன மாதிரி வேலை செய்கிறவர்களின் விமர்சனங்களைப் படியுங்கள். 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தை வைத்துக்கொண்டு இன்னும் சென்ட்ரல் வாசலிலேயே ஆளை இறக்கிக்கொண்டிருக்கிறோம்.

போனில் மட்டும் பார்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு, எர்த் ப்ரோ கணினியில்தான் ஓடும், பழைய லேப்டாப் என்றால் திணறும். ஊருக்குக் கிளம்பும் முன் அந்தப் பகுதி வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மலையடிவாரக் கிராமங்களுக்குள் நுழைந்தால் சிக்னலை நம்ப முடியாது.