கோவை வாடகை நிலவரம் காட்டும் ஒரு சேவை: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

திருச்சியிலிருந்து கோவைக்குப் பணிமாற்றம் வந்தபோது, குடும்பத்தோடு குடியேற இரண்டு படுக்கையறை வீடு ஒன்றைத் தேடுவதற்காக, வாடகை விளம்பரங்களைத் தொகுத்துத் தரும் ஓர் இணையச் சேவைக்கு மூன்று மாதச் சந்தா கட்டினேன். விளம்பரப் பட்டியலை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். வீட்டு உரிமையாளரின் தொலைபேசி எண், ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு ஆண்டு வாடகைப் போக்கைக் காட்டும் வரைபடம், வாடகை ஒப்பந்தத்தைத் தயாரித்துத் தரும் வசதி ஆகிய மூன்றுக்கும்தான் கட்டணம். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இவ்வகைச் சேவைகள் பலவும் ஏறத்தாழ ஒரே முறையில் இயங்குவதால், இங்கே சொல்வது மற்றவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில், கொடுத்த பணத்துக்குப் பயன் தந்ததைச் சொல்லிவிடுகிறேன். உரிமையாளரின் எண் நேரடியாகக் கிடைத்ததால், ஒரு மாத வாடகையைப் புரோக்கருக்குத் தர வேண்டிய தேவை எழவில்லை. நான் அழைத்த இருபத்து மூன்று எண்களில் நான்கு மட்டுமே புரோக்கர்களுடையவை. ஏற்கெனவே ஆள் குடிபோய்விட்ட வீடுகள் ஐந்து பட்டியலில் நீக்கப்படாமல் கிடந்தாலும், நான் தெரிவித்த மறுநாளே அவற்றை எடுத்துவிட்டார்கள். இந்த அளவில் சேவை நேர்மையானது, விரைவானது.

என்னைச் சந்தா கட்ட வைத்தது வாடகைப் போக்கின் வரைபடம்தான். மூன்று மாதங்களுக்குப் பின் நான் மிகக் குறைவாக நம்புவதும் அதைத்தான். காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் கோவை அளவிலான நகரங்களில் இத்தகைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாடகை பேசுவோர் இப்போது பெருகி வருகிறார்கள்.

வரைபடத்தில் இருப்பது கேட்கும் வாடகை. மக்கள் உண்மையில் கொடுத்துக்கொண்டிருக்கும் வாடகை அதில் இல்லை. எட்டு ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருக்கும் குடும்பம் எந்த விளம்பரத்திலும் வராது. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது வழக்கம் என்றாலும், ஒழுங்காக வாடகை தருபவரிடம் அந்த வரியை அப்படியே செயல்படுத்தாத உரிமையாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாங்கள் குடிவந்த வடவள்ளி வீட்டுக்கு மாதம் 14,500 ரூபாய் தருகிறோம். அதே கட்டடத்தின் மேல்தளத்தில், அதே அளவு வீட்டில் 2017 முதல் இருப்பவர்கள் 10,000 ரூபாய் தருகிறார்கள். இரண்டுமே வடவள்ளியின் வாடகைதான். ஆனால் வரைபடத்துக்குத் தெரிந்தது எங்கள் வீடு மட்டுமே.

அடுத்தது எண்ணிக்கை. சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு பகுதிக்கு மாதம் நூற்றுக்கணக்கில் விளம்பரம் வரலாம். இங்கே நான் கவனித்த பகுதிகள் சிலவற்றில் இரண்டு படுக்கையறை வீடுகளுக்கு மாதம் பத்துப் பன்னிரண்டு விளம்பரங்களே இருந்தன. பத்து விளம்பரங்களில் ஏழு பழைய தனி வீடுகளின் மாடிப் பகுதிகள், மூன்று லிஃப்ட் வைத்த புதிய அடுக்ககங்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுமாதம் இந்த விகிதம் தலைகீழானால், எந்த வீட்டிலும் ஒரு ரூபாய்கூடக் கூடாமலேயே வரைபடத்தின் கோடு மேலே ஏறிவிடும். எத்தனை விளம்பரங்களிலிருந்து அந்தக் கோடு வரையப்பட்டது என்பதைச் சேவை எங்கும் காட்டவில்லை. அந்த ஓர் எண்ணைக் கோட்டுக்குக் கீழே அச்சிட்டாலே பயனாளருக்குப் பேருதவியாக இருக்கும்.

பட்டியலுக்கே வராத வீடுகளும் இந்த ஊரில் ஏராளம். சிங்காநல்லூர், பீளமேடு, உப்பிலிபாளையம் பக்கங்களில் பஞ்சாலைக் காலம் தொட்டு இருந்துவரும் லைன் வீடுகளுக்கு, ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக நிற்கும் அந்த ஓரறை, ஈரறை வீடுகளுக்கு, யாரும் இணையத்தில் விளம்பரம் தருவதில்லை. சுவரில் ஓர் அட்டை தொங்கும், அல்லது பக்கத்து மளிகைக் கடைக்காரர் சொல்லி அனுப்புவார். நகரின் உழைக்கும் மக்களில் பெரும்பகுதியினர் குடியிருக்கும் வீடுகளை விட்டுவிட்டு, "கோயம்புத்தூரின் சராசரி வாடகை" என்று ஓர் எண்ணைப் பெரிய எழுத்தில் போடுவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து.

பருவத்தின் கணக்கும் அந்த வரைபடத்துக்குப் பிடிபடவில்லை. நான் மார்கழி இறுதியில் சந்தா கட்டினேன். அப்போது கோடு கீழே இறங்கியிருந்தது. "பேரம் பேச ஏற்ற நேரம்" என்ற குறிப்பும் அதன் அருகே இருந்தது. அதை நம்பிக் கவுண்டம்பாளையத்தில் ஒரு வீட்டுக்குப் பேசப் போனேன். அந்த வீட்டு அம்மா, "மார்கழியில யாருங்க குடி வருவாங்க, தை பொறந்தா நாலு பேரு வந்து பாப்பாங்க, நீங்களும் அப்பவே வாங்க" என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். ஆடியிலும் மார்கழியிலும் இங்கே வீடு மாறுவதைத் தவிர்ப்பார்கள். அந்த மாதங்களில் பட்டியலில் தங்குபவை முன்பே ஆள் வராமல் நின்ற வீடுகள். கோடு இறங்குவதன் பொருள் அவ்வளவுதான். ஆவணியிலும் தையிலும் நல்ல வீடுகள் வந்து சேரும்போது அது மறுபடி ஏறும். பள்ளிகள் திறக்கும் ஜூனுக்கு முந்தைய சித்திரை, வைகாசி மாதங்களின் நெருக்கடி வேறு. ஆகவே சென்ற மாதத்தோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. சென்ற தையோடு இந்தத் தையை ஒப்பிட்டால்தான் ஏதாவது விளங்கும். இரண்டு ஆண்டுத் தரவு கையில் இருந்தும் சேவை அந்த ஒப்பீட்டைத் தரவில்லை.

இதைச் செய்ய முடியாது என்றும் சொல்வதற்கில்லை. தொழில்துறைப் பணியாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டை ஒன்றிய அரசின் லேபர் பீரோ 2016-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு 88 மையங்களில் கணக்கிடுகிறது; கோவையும் அவற்றில் ஒன்று. அந்தக் குறியீட்டில் வீட்டு வசதிக்கு 16.87 சதவீத எடை உண்டு. வாடகையைப் பொறுத்தவரை, தேர்ந்தெடுத்த வீடுகளுக்கே திரும்பத் திரும்பச் சென்று விசாரித்து, ஜனவரியிலும் ஜூலையிலுமாக ஆண்டுக்கு இருமுறை மட்டும் வீட்டுக் குறியீட்டைத் திருத்துகிறார்கள். வாடகை எப்படி நகர்கிறது என்று அறிய இதுவே சரியான வழி: அதே வீடு, ஆறு மாதம் கழித்து எவ்வளவு? தேசிய வீட்டுவசதி வங்கியின் ரெசிடெக்ஸ் குறியீட்டில் கோவை இடம்பெற்றிருந்தாலும், அது வீட்டின் விலையைக் கூறுவது. அதை வாடகைக்கு அளவுகோலாகக் கொள்ள முடியாது. இந்தச் சேவையிடமும், ஒரே வீடு மீண்டும் விளம்பரத்துக்கு வரும்போது பழைய வாடகையும் புதிய வாடகையும் பதிவாகத்தான் செய்கின்றன. அந்த இணைகளை மட்டும் எடுத்து ஒரு கோடு வரைந்தால் அதை நான் நம்புவேன்.

வரைபடம் ஒன்றில் மட்டும் பொய் சொல்லவில்லை: நகரின் எந்தத் திசை விலை கூடியது என்பதில். விளாங்குறிச்சியில் டைடல் பூங்கா அமைந்தது முதல் சரவணம்பட்டி, காளப்பட்டி, கீரணத்தம் பக்கம் மென்பொருள் பணியாளர்களின் தேவை வளர்ந்து வந்திருக்கிறது. கோல்டுவின்ஸ் முதல் உப்பிலிபாளையம் வரை சுமார் 10 கிலோமீட்டர் நீளும் அவிநாசி சாலை மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டபின், அந்தப் பக்கத்திலிருந்து நகருக்குள் வந்துபோகும் நேரமும் குறைந்துவிட்டது. மேற்கே மருதமலைச் சாலை, வடவள்ளிப் பக்கம் அதே அளவு வீடு குறைவான வாடகைக்குக் கிடைக்கிறது என்று சேவை காட்டியது. நேரில் அலைந்து பார்த்தபோதும் அது உண்மையாகவே இருந்தது. எங்கள் முடிவுக்கு அது உதவியதை மறைக்கக் கூடாது.

வாடகை உயர்வுக்கு உரிமையாளர்கள் சொல்லும் காரணத்தையும் கேட்டேன். பலரும் சொத்து வரியைச் சொன்னார்கள். 2022-இல் சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில், 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்கு 25 சதவீதம் தொடங்கி 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 சதவீதம் வரை அந்த வரி உயர்த்தப்பட்டது உண்மைதான். ஆனால் அதை மாதக் கணக்காக வகுத்துப் பார்த்தால், என்னிடம் கேட்கப்பட்ட உயர்வில் ஒரு சிறு பங்குக்குத்தான் அது ஈடாகிறது.

விளம்பரத்தில் பதிவாகும் வாடகைக்கும் கையிலிருந்து போகும் தொகைக்கும் இடையிலான தூரத்தைச் சேவை கணக்கில் கொள்ளவே இல்லை. கோவையில் வீடு பார்ப்பவர் கேட்கும் முதல் கேள்வி தண்ணீரைப் பற்றியது: சிறுவாணியா, பில்லூரா, நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், உப்புத் தண்ணீருக்கு ஆழ்துளைக் கிணறு உண்டா? வாடகை ஆயிரம் ரூபாய் குறைவாக இருந்து, மாதம் இரண்டு லாரித் தண்ணீர் வாங்க நேர்ந்தால் அந்த வீடு மலிவானது ஆகாது. விளம்பரப் படிவத்தில் நீச்சல் குளத்துக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் கட்டங்கள் இருக்கின்றன, தண்ணீர் வரும் நாளுக்கு இல்லை. தனி மின் மீட்டர் உண்டா, அல்லது உரிமையாளர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வாரா என்பதும் இல்லை.

எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது ஒப்பந்தம் தயாரிக்கும் வசதிதான். அவர்கள் அனுப்பிய வரைவில் அட்வான்ஸ் பத்து மாத வாடகை என்று முன்பே நிரப்பப்பட்டிருந்தது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்து, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், இரு தரப்பும் வேறுவிதமாக உடன்பட்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. பத்து மாதம் என்பது ஊர் வழக்கம். அதற்கு உடன்படுவதா வேண்டாமா என்பதைக் குடியேறுபவர் தெரிந்து முடிவு செய்ய வேண்டுமே தவிர, ஒரு படிவம் அவருக்காக முடிவு செய்யக் கூடாது. அதே சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் பெற வேண்டும் என்பதையும் அந்த வரைவு ஒரு வரியில்கூட நினைவூட்டவில்லை. எங்கள் உரிமையாளரிடம் சட்டத்தை எடுத்துச் சொன்னபோது, அவர் கோபப்படாமல் கேட்டு, ஐந்து மாதத்துக்கு இறங்கி வந்தார். 72,500 ரூபாய் எங்கள் கையிலேயே தங்கியது.

கோவைக்குப் புதிதாக வருபவர் ஒரு மாதச் சந்தா மட்டும் கட்டி, தொலைபேசி எண்களுக்காக இதைப் பயன்படுத்தலாம். ஒப்பந்தத்தைத் தெரிந்த வழக்கறிஞரிடமோ ஆவண எழுத்தரிடமோ எழுதிக்கொள்வது நல்லது. வரைபடத்தைப் பார்ப்பதென்றால், பார்த்த அன்றே குடியேற நினைக்கும் தெருவில் மாலை ஆறு மணிக்கு ஒருமுறை நடந்து, அங்கே குடியிருக்கும் இரண்டு குடும்பங்களிடமாவது என்ன வாடகை தருகிறார்கள், தண்ணீர் என்றைக்கு வருகிறது என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்டபோது ஒருவர்கூடச் சொல்ல மறுக்கவில்லை.