கணக்கு கச்சிதம், ஏற்றுமதிதான் தலைவலி

மூன்று வருடமாக இந்தப் புள்ளியியல் மென்பொருளில்தான் வேலை செய்கிறேன். கணக்கில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அறிக்கையை எக்செலுக்கு அனுப்பித் திறந்தால், கோப்பின் வடிவமும் பெயர் நீட்டிப்பும் பொருந்தவில்லை என்று ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை. கோப்பே கெட்டுவிட்டதோ என்று முதலில் பதறிப்போனேன். நோட்பேடில் திறந்தபோதுதான் புரிந்தது: உள்ளே இருப்பது வெறும் எச்டிஎம்எல் (இணையப் பக்க வடிவ) அட்டவணை, பெயரில் மட்டும் எக்ஸ்எல்எஸ் என்ற எக்செலின் பழைய கோப்பு நீட்டிப்பு! எக்செல் 2007 முதல் இதைச் சோதிக்கிறது.

மென்பொருளின் அமைப்புகளில் ஏற்றுமதி வடிவத்தை எக்ஸ்எல்எஸ்எக்ஸ் (எக்செலின் புதிய கோப்பு வடிவம்) என மாற்றியதும் எச்சரிக்கை நின்றது. இவ்வளவு முக்கியமான தேர்வை இரண்டு மெனுவுக்கு அடியிலா வைப்பது? எச்சரிக்கையையே அணைத்துவிடலாம் என்பார்கள், நான் மாட்டேன். உண்மையிலேயே ஆபத்தான கோப்பு வந்தாலும் தெரியாமல் போகும்.

என்னை அதிகம் வருத்தியது வேறு. எக்செலில் திறந்தபோது 16 இலக்க அடையாள எண்ணில் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிட்டது. அதற்கு ஒரு எச்சரிக்கைகூட இல்லை. இப்போது அந்த எண்கள் உள்ள நெடுவரிசையை எண்ணாக அல்லாமல் எழுத்து வகையாக மாற்றிய பிறகே அனுப்புகிறேன்.