மயிலாப்பூரில் ஒரு புறக்கோள் பயிலரங்கு: ஒரு மதிப்புரை

சென்னையில் வானியல் என்றால் கோளரங்கக் காட்சியோ, மொட்டை மாடியில் தொலைநோக்கி வைத்துச் சனியின் வளையத்தைக் காட்டும் மாலைப்பொழுதோதான் பெரும்பாலும் கிடைக்கும். பிள்ளைகளுக்கு அவை மிக நல்லவை. ஆனால் பள்ளி இயற்பியலைத் தாண்டி வந்த ஒருவர், இன்றைய ஆய்வு எந்த இடத்தில் நிற்கிறது, எங்கே திணறுகிறது என்று அறிய விரும்பினால், அவருக்கு இந்நகரில் வாய்ப்பு குறைவு. அந்தக் குறையைத் தீர்க்கும் நோக்கத்துடன், மயிலாப்பூரில் ஒரு சிறு தன்னார்வக் குழு வார இறுதிகளில் நடத்திவரும் பயிலரங்கை அண்மையில் முடித்தேன். விண்மீன்களின் ஆரத் திசைவேகத்தை, அதாவது அவை நம்மை நோக்கி வரும் அல்லது விலகும் வேகத்தை, கண்ணுக்குத் தெரியும் சிவப்புக்குச் சற்று அப்பாலுள்ள அண்மை அகச்சிவப்பு நிறமாலையின் வழியாக அளந்து, அவற்றைச் சுற்றும் கோள்களை (சூரியனுக்கு அப்பாலுள்ள இவையே புறக்கோள்கள்) கண்டறிவது என்ற ஒற்றைப் பொருளை மட்டுமே அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இத்தகைய பயிலரங்கு ஒன்றை மதிப்பிட என்னிடம் ஓர் அளவுகோல்தான் உண்டு: கோளைக் கண்டுபிடிக்கக் கற்றுத் தருகிறதா என்பதைவிட, கோள் போலத் தோன்றும் ஒன்றை நம்ப மறுக்கக் கற்றுத் தருகிறதா என்பதே அது. அந்த வகையில் இது பெருமளவு தேறுகிறது. ஒரு முக்கியமான இடத்தில் மட்டும் கைவிட்டுவிடுகிறது.

முதல் அமர்வு அடிப்படைகளுக்கானது. கோள் தன் விண்மீனைச் சுற்றும்போது விண்மீனும் சற்றே அசைகிறது. அந்த அசைவில் நம்மை நோக்கி வருவதும் விலகுவதுமான பகுதி, டாப்ளர் விளைவால் நிறமாலையின் கருங்கோடுகளை நீல, சிவப்புப் பக்கங்களுக்கு மாறி மாறி நகர்த்துகிறது. 1995-இல் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் 51 பெகாசி விண்மீனில் கண்ட, ஒரு கோளால் நேர்ந்த அசைவு நொடிக்கு ஐம்பது மீட்டருக்கு மேல் இருந்தது. வியாழன் நம் சூரியனை நொடிக்கு சுமார் 12.5 மீட்டர் வேகத்தில் அசைக்கிறது; பூமியோ சுமார் 9 சென்டிமீட்டர் மட்டுமே. இந்தக் கடைசி எண்ணைப் பலகையில் எழுதிவிட்டு ஆசிரியர் சற்று நேரம் பேசாமல் நின்றது பொருத்தமாகவே இருந்தது. பூமி போன்ற கோளைச் சூரியன் போன்ற விண்மீனிடம் தேடுவது ஏன் இன்றுவரை கைகூடவில்லை என்பதை அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

அதனால்தான் தேடுவோர் சூரியனைவிடச் சிறிய, குளிர்ந்த, செந்நிறமான செங்குறு விண்மீன்களிடம் போகிறார்கள். நம் அண்டைப் பகுதியில் உள்ள விண்மீன்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இவையே. எடை குறைவு என்பதால் சிறு கோளும் இவற்றை நன்றாக அசைக்கும். ஒளி குறைவு என்பதால் நீர் திரவமாக நிற்கக்கூடிய தொலைவு விண்மீனுக்கு மிக அருகிலேயே அமைந்து, அங்குள்ள கோளின் சுற்றுக்காலமும் சில நாள்கள் அல்லது சில வாரங்களுக்குள் முடிந்துவிடும். 2016-இல் அறிவிக்கப்பட்ட பிராக்சிமா பி 11.2 நாள்களில் தன் விண்மீனைச் சுற்றி வருகிறது. அது தரும் அசைவு நொடிக்குச் சுமார் 1.4 மீட்டர். இவ்விண்மீன்களின் வெப்பநிலை 4000 கெல்வினுக்கும் குறைவு. ஆகவே அவற்றின் ஒளியின் பெரும்பகுதி கண்ணுக்குப் புலப்படாத ஒரு மைக்ரான் (ஆயிரம் நானோமீட்டர்) அலைநீளத்தை ஒட்டியே வெளிப்படுகிறது. ஒளி எங்கே மிகுதியோ அங்கே கருவியை வைக்க வேண்டும் என்பது எளிய வாதம். இந்த வாதத்துடன் நின்றுவிடாமல், ஸ்பெயினின் காலர் ஆல்டோவில் 3.5 மீட்டர் தொலைநோக்கியுடன் இயங்கும் கார்மெனெஸ் கருவியின் அனுபவத்தையும் ஆசிரியர் எடுத்துரைத்தார். அதன் ஒரு பிரிவு 520 முதல் 960 நானோமீட்டர் வரையும், மற்றொன்று 960 முதல் 1710 நானோமீட்டர் வரையும் பதிவு செய்கிறது. பல செங்குறு விண்மீன்களுக்கு வேகத்தை நுட்பமாகச் சொல்லும் கோடுகள் மிகுந்திருப்பது 700 முதல் 900 நானோமீட்டர் வரையிலான பகுதியில்தான் என்று அத்திட்டத்தின் அளவீடுகள் காட்டின. அகச்சிவப்பே எல்லாவற்றுக்கும் விடை என்ற எதிர்பார்ப்பை இது தணித்தது. தாம் கற்பிக்கும் முறையின் எல்லையைத் தாமே முன்வைக்கும் ஆசிரியரிடம் எனக்கு உடனே நம்பிக்கை வந்துவிட்டது.

பயிலரங்கின் சிறந்த பகுதி ஒரு மேசைமேல் நடந்தது. ஒரு தடித்த அலுமினியத் தட்டின்மேல் நியான் விளக்கு, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் விளிம்பு விலகல் கீற்றணி, ஒரு சிறு கேமரா ஆகியவற்றைத் திருகி வைத்திருந்தார்கள். நியானின் செந்நிறக் கோடு ஒன்று மடிக்கணினித் திரையில் பெரிதாக்கப்பட்டு, அதன் மையம் எந்தப் பிக்சலில் நிற்கிறது என்ற எண் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பங்கேற்ற மாணவி ஒருவரை அழைத்து, தட்டின் ஓரத்தில் உள்ளங்கையை வைக்கச் சொன்னார்கள். கை வைத்த சிறிது நேரத்தில் அந்த எண்ணின் கடைசி இலக்கங்கள் மெல்ல ஏறத் தொடங்கின. கையை எடுத்த பிறகும் தட்டு ஆறும்வரை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஒரு மைக்ரான் அலைநீளத்தில் நொடிக்கு 1 மீட்டர் வேகம் தரும் நகர்வு, ஒரு நானோமீட்டரில் 3 இலட்சத்தில் ஒரு பங்கு. பெரிய கருவிகளின் உணரியில் அது ஒரு பிக்சலின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே வரும். உள்ளங்கைச் சூடு இவ்வளவு செய்யுமானால், டெக்சாஸின் ஹாபி-எபர்லி தொலைநோக்கியுடன் இணைந்த ஹாபிட்டபிள் ஸோன் பிளானட் ஃபைண்டர் கருவியை ஏன் வெற்றிடக் கலத்துக்குள் 180 கெல்வினில், ஆயிரத்தில் ஒரு பாகை அளவில் நிலைநிறுத்துகிறார்கள் என்பதை விளக்கச் சொற்களே தேவைப்படவில்லை. ஹவாயின் ஸ்பிரூ கருவி 2.35 மைக்ரான் வரை செல்வதால், கருவியின் சொந்த வெப்பக் கதிர்வீச்சே குறுக்கிடாதிருக்க 80 கெல்வின் வரை குளிர்விக்கப்படுகிறது. சிலிக்கான் உணரிகள் 1.1 மைக்ரானுக்கு அப்பால் குருடாகிவிடுவதையும், அங்கே மெர்குரி காட்மியம் டெல்லூரைடு உணரிகளை நாட வேண்டியிருப்பதையும், முந்தைய பதிவின் எச்சம் அடுத்த பதிவில் தங்கிவிடும் அவற்றின் தொல்லையையும் இதே அமர்வில் தொட்டுச் சென்றார்கள்.

அடுத்து வந்த அமர்வுக்காகவே இந்தப் பயிலரங்கைப் பிறருக்குப் பரிந்துரைப்பேன். சுழலும் விண்மீனின் முகத்தில் கரும்புள்ளி ஒன்று இருந்தால், அது ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குக் கடக்கும்போது கோடுகளின் வடிவத்தைச் சாய்த்து, கோளின் அசைவைப் போன்ற பொய்யான அலையை உண்டாக்கும். 2008-இல் டி.டபிள்யூ. ஹைட்ரே என்ற இளம் விண்மீனைச் சுற்றி, 3.56 நாள் சுற்றுக்காலத்தில் ஒரு பெருங்கோள் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் வேறொரு குழு, சிலியின் பெருந்தொலைநோக்கியில் உள்ள கிரையர்ஸ் கருவியால் அகச்சிவப்பில் அளந்தபோது, அசைவின் அளவு மிகவும் சுருங்கியிருந்தது. உண்மையான கோள் எந்த நிறத்தில் பார்த்தாலும் விண்மீனை ஒரே அளவுதான் அசைக்கும்; கரும்புள்ளிக்கும் அதைச் சூழ்ந்த பரப்புக்கும் உள்ள ஒளி வேறுபாடோ அகச்சிவப்பில் குறைந்துவிடும். கோள் அந்த இடத்திலேயே ஐயத்துக்கு உள்ளாயிற்று. இதை வெறும் கதையாகச் சொல்லி முடிக்காமல், பெயர் மறைத்த செயற்கைத் தரவுகளை எங்களிடம் கொடுத்து, எது கோள், எது கரும்புள்ளி என்று முடிவு செய்யச் சொன்னார்கள். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அளவீடுகளைக் குறிக்கும் நீலப் புள்ளிகளும், அகச்சிவப்பு அளவீடுகளைக் குறிக்கும் செம்புள்ளிகளும் ஒரே வளைவில் அமர்ந்த வரைபடத்தையும், செம்புள்ளிகள் மட்டும் தட்டையாகிப்போன வரைபடத்தையும் அருகருகே பார்க்கும்போது, படித்த வாதம் கைக்கு வந்த திறனாக மாறுகிறது. ஏ.டி. லியோனிஸ் விண்மீனில் 2018-இல் முன்மொழியப்பட்ட கோளும், அதன் 2.2 நாள் சுழற்சியோடு ஒத்துப்போன அலை பிற்கால அகச்சிவப்பு அளவீடுகளில் நிலைக்காததும் இதே பயிற்சியின் நீட்சியாக வந்தன. காந்தப்புலம் கோடுகளைப் பிளக்கும் சீமன் விளைவு அலைநீளம் கூடக் கூட வலுப்பெறுவதால், காந்தத் தன்மை மிகுந்த விண்மீன்களில் அகச்சிவப்பும் முழு அடைக்கலம் தராது என்ற எச்சரிக்கையையும் மறவாமல் சேர்த்தார்கள். உண்மைத் தரவுக்கு, கார்மெனெஸ் 2019-இல் இரு கோள்களைக் கண்ட டீகார்டன் விண்மீனின் திசைவேக அட்டவணையைத் தந்தார்கள். ஏறத்தாழ 4.9 நாளுக்கும் 11.4 நாளுக்கும் தரவை மடித்து, அதாவது ஒவ்வொரு சுற்றின் அளவீடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கையில், சிதறிக் கிடந்த புள்ளிகள் ஒழுங்குக்கு வரும் அந்தக் கணத்துக்காக மட்டுமே கூடச் சேரலாம்.

கைவிட்ட இடம் பூமியின் வளிமண்டலம். அகச்சிவப்பில் இதுவே பாதி வேலை. நீராவி 1.4, 1.9 மைக்ரான்களைச் சுற்றிய பகுதிகளை ஏறக்குறைய மூடிவிடுகிறது. மீத்தேனும் கரியமில வாயுவும் மீதமுள்ள சாளரங்களிலும் நுண்கோடுகளைத் தூவி வைத்திருக்கின்றன. மேல் வளிமண்டலத்தின் ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் இரவில் தாமே உமிழும் ஒளிர்வு வேறு. பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுவதால், விண்மீனின் கோடுகள் ஆண்டு முழுவதும் இந்த அசையாக் கோடுகளின் குறுக்கே முன்னும் பின்னும் ஊர்ந்துகொண்டிருக்கும். நீக்காமல் விட்ட நுண்கோடுகள் ஓராண்டுக்கும் அதன் பின்னங்களுக்கும் பொய்யான அலைகளைத் தரும். பயிலரங்கிலோ, மென்பொருளில் இந்தக் கோடுகள் உள்ள பகுதிகளைக் கணக்கிலிருந்து விலக்கும் ஒரு மறைப்புக் கோப்பைச் சொடுக்கிச் சேர்த்துவிட்டு அடுத்த படிக்கு நகர்ந்துவிட்டார்கள். மறைத்தால் எவ்வளவு தகவல் இழக்கப்படுகிறது, கோடுகளே அரிதான, வேகமாகச் சுழலும் வெப்ப விண்மீனைப் பதிவு செய்து வளிமண்டலத்தை எவ்வாறு தனித்தறிவது, வளிமண்டல மாதிரியைப் பொருத்தி எவ்வாறு வகுப்பது என்ற கேள்விகளுக்கு இடமே இல்லை. ஐப்பசியில் சட்டை காயாத ஊரில் இருந்துகொண்டு நீராவியைப் பற்றி இவ்வளவு சுருக்கமாகப் பேசியது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பொய்யை இனங்காணும் பயிற்சியை விண்மீனின் புள்ளிகளுக்கு இவ்வளவு அழகாக அளித்தவர்கள், அதே பொறுமையை நம் தலைக்குமேல் உள்ள காற்றுக்கும் அளித்திருக்க வேண்டும்.

இன்னொரு குறை, நம் நாட்டுப் பணிகள் ஒதுக்கப்பட்டது. அபு மலையில் 2.5 மீட்டர் தொலைநோக்கியுடன் இயங்கும் பாரஸ்-2, கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் திசைவேகம் அளக்கும் கருவி. ஜவ்வாது மலையின் காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி, ஒளியை மிக நுட்பமாகப் பிரிக்கும் எஷெல் நிறமாலைமானியுடன் இருக்கிறது. இவை அகச்சிவப்புக் கருவிகள் அல்ல என்பது சரி. ஆனால் ஒப்பீட்டுக்கு இவற்றைவிட நெருக்கமான எடுத்துக்காட்டுகள் தமிழக மாணவருக்கு ஏது? மதராஸ் வானாய்வகத்தின் கேப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப், 1855-இல் 70 ஒபியுச்சி என்ற இரட்டை விண்மீனின் சுற்றுப்பாதை முரணைக் கொண்டு அங்கே ஒரு கோள் இருக்கலாம் என்று எழுதியதையும் யாரும் குறிப்பிடவில்லை. அவருடைய முடிவு பிற்பாடு நிலைக்கவில்லை. பொய்த்துப்போன கோள்களைப் பற்றிய பாடத்தில், நுங்கம்பாக்கத்திலிருந்து வந்த அந்த முடிவுக்கு ஓர் இடம் இருந்திருக்கலாம்.

நடைமுறை விவரங்கள்: அரங்கு மாடியில் இருக்கிறது, மின்தூக்கி இல்லை, திருமயிலை ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வரலாம். பாடம் தமிழில் நடக்கிறது, கைப்பிரதிகளும் தமிழிலேயே; மென்பொருள் திரைகள் மட்டும் ஆங்கிலம். பைத்தான் நிரல் எழுதிப் பழகாதவர்கள் தரவுப் பயிற்சியில் பின்தங்கிவிடுவார்கள், ஆகவே சேர்வதற்கு முன் வரைபடம் வரையும் அளவுக்காவது கற்றுக்கொண்டு வருவது நல்லது. சொந்த மடிக்கணினி அவசியம். இளங்கலை இயற்பியல் மாணவர்களுக்கும், இத்துறையை விட்டுப் பல ஆண்டுகள் விலகியிருந்து திரும்ப வர விரும்பும் பொறியாளர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். பள்ளி மாணவர்களை அழைத்துவர நினைக்கும் பெற்றோர், மேசைச் சோதனை நடக்கும் நாளுக்கு மட்டும் அனுமதி கேட்டுப் பார்க்கலாம், அமைப்பாளர்கள் இணங்குகிறார்கள்.