செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை: பழைய போர்ஷேயில் ரிலேவைப் பிடிக்க எந்த வழி?

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜினும் சுற்றுகிறது, ஆனால் வண்டி கிளம்பவில்லை. காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆன கார், பெட்ரோல் போட நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தால் அடம்பிடிக்கிறது. கொஞ்ச நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடுகிறது. 1982 முதல் 1991 வரை வந்த போர்ஷே 944-இல் இப்படி நடந்தால் என் முதல் சந்தேகம் டிஎம்இ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பு) ரிலே மேல்தான். 1984 முதல் 1989 வரையிலான 911 கரேரா 3.2-இலும் இதே ரிலே இருக்கிறது, இதே தொல்லையும் இருக்கிறது.

இது ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் இரண்டு சுவிட்ச். ஒரு பாதி இன்ஜினை நடத்தும் பாஷ் மோட்ரானிக் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும், மற்றது ஃபியூவல் பம்புக்கு. இன்ஜின் சுற்றுவது தெரிந்த பிறகுதான் கம்ப்யூட்டர் பம்பை ஓடவிடும். அதனால் இன்றைய கார்களைப்போல் சாவியைப் போட்டதும் பின்னால் பம்ப் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சத்தம் வரவில்லை என்பதற்காகப் பம்பைக் கழற்றி மாற்றிவிட்டு, பிரச்சினை அப்படியே இருப்பதைப் பார்த்து நொந்துபோனவர்கள் உண்டு.

ரிலேவின் உள்ளே கெட்டுப்போவது பெரும்பாலும் சால்டர், அதாவது பின்களைப் பற்றவைத்த ஈயம். பின்களைச் சுற்றி வட்டமாக மெல்லிய வெடிப்பு விழும். சூடானால் தொடர்பு விடும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும்.

ரிலேவைத் தொடும் முன் 944 8-வால்வு வைத்திருப்பவர்கள் டைமிங் பெல்ட்டைப் பார்த்துவிட வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் ரோட்டர், டைமிங் பெல்ட் சுற்றும் கேம்ஷாஃப்ட்டின் முனையிலேயே உட்கார்ந்திருக்கும். செல்ஃப் அடிக்கும்போது ரோட்டர் சுற்றாவிட்டால் பெல்ட் போய்விட்டது. அதற்குமேல் செல்ஃப் அடிக்கவே கூடாது; இந்த இன்ஜினில் பிஸ்டன் வால்வில் இடிக்கும், அடிக்க அடிக்கச் சேதம் கூடும். ரோட்டர் சுற்றினால் அடுத்து ஆர்பிஎம் மீட்டரைக் கவனியுங்கள். செல்ஃப் அடிக்கையில் முள் லேசாகத் துள்ளினால் கம்ப்யூட்டர் விழித்திருக்கிறது, ஸ்பார்க்குக்கு உத்தரவும் போகிறது; அப்படியானால் பம்ப் பக்கம் தேட வேண்டும். முள் அசையவே இல்லை என்றால் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது இன்ஜின் சுற்றுவதைச் சொல்லும் சென்சாரிலிருந்து சிக்னல் வரவில்லை.

இனி வழிகளுக்கு வருவோம். பலரும் முதலில் செய்வது வேறொரு ரிலேவை மாட்டிப் பார்ப்பது. வேகமான வழிதான், கையில் புது ரிலே இருந்தால். பழைய வண்டியிலிருந்து கழற்றிய 'ஸ்பேர்' என்றால் அதற்கும் அதே வயது, அதே வெடிப்பு இருக்கலாம். அப்புறம், ரிலேவை மாற்றும் நேரத்தில் வண்டியும் ஆறியிருக்கும். ஸ்டார்ட் ஆனது புது ரிலேவாலா, ஆறியதாலா என்று சொல்ல முடியாது. வண்டி மறுக்கும் அந்த நேரத்திலேயே, சூட்டோடு மாற்றிப் பார்த்தால்தான் இந்தச் சோதனைக்கு மதிப்பு.

எனக்கு ஜம்பர் ஒயர் மேல்தான் நம்பிக்கை அதிகம். ரிலேவைப் பிடுங்கிவிட்டு சாக்கெட்டில் 30 (பேட்டரி மின்சாரம்), 87 (கம்ப்யூட்டர்), 87பி (பம்ப்) என்ற எண்ணுள்ள மூன்று துளைகளையும் ஒயரால் இணைப்பதுதான் விஷயம். ஆனால் மூன்றையும் ஒரேயடியாக இணைக்காதீர்கள். முதலில் டெஸ்ட் லேம்பை வைத்து 30-இல் எப்போதும் மின்சாரம் இருக்கிறதா, சாவியைப் போட்டதும் 86-இல் வருகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் சாவியை அணைத்துவிட்டு, ஃபியூஸ் வைத்த தடித்த ஒயரால் 30-ஐயும் 87பி-யையும் மட்டும் சேருங்கள். டேங்க் அருகே பம்ப் ஓடும் சத்தம் கேட்டால் பம்ப், அதன் ஃபியூஸ், ஒயரிங் மூன்றும் தப்பித்தன. பிறகு 87-ஐயும் சேர்த்து செல்ஃப் அடியுங்கள். வண்டி கிளம்பினால் குற்றவாளி பெரும்பாலும் ரிலேதான். ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கிறது; ரிலேவை மாற்றிப் பார்ப்பதில் இது கிடைக்காது. ஒரே எச்சரிக்கை: ரிலேவின் அடியில் இருக்கும் எண் வரிசையை சாக்கெட்டில் பார்க்கும்போது இடவலம் மாறியிருக்கும். எண்ணைச் சரிபார்க்காமல் ஒயரைச் செருகாதீர்கள்.

ஜம்பரோடு வீடு வந்து சேரலாம் என்பார்கள். செய்யலாம்தான், எனக்கு அதில் உடன்பாடு குறைவு. சாவியை அணைத்தாலும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், கம்ப்யூட்டரும் விழித்தே இருக்கும். வழியில் மோதி இன்ஜின் நின்றுபோனாலும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். குழாய் உடைந்திருந்தால் தீதான். வேறு வழியில்லாமல் ஓட்டினால், வண்டியை நிறுத்திய உடனே ஒயரைப் பிடுங்கிவிடுங்கள்.

மூன்றாவது வழி, ரிலேவின் மூடியைத் திறந்து சால்டர் வைப்பது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தால் பெரும்பாலும் வேலை செய்யும், லென்ஸில் அந்த வட்ட வெடிப்பைக் கண்ணால் பார்த்தும் விடலாம். கை வேலை தெரிந்தவருக்கு நல்ல வழி. ஆனால் கான்டாக்ட் முனைகள் கருகியிருந்தால் சால்டர் அதைக் குணப்படுத்தாது. அதனால் சால்டர் வைத்ததை ஸ்பேராக வைத்துக்கொண்டு, வண்டியில் புதிதை மாட்டுவேன். கரேரா 3.2-இல் ரிலே ஓட்டுநர் சீட்டுக்கு அடியில், கம்ப்யூட்டர் பக்கத்திலேயே இருப்பதால் மாற்றுவது சுலபம்.

ஜம்பர் போட்டும் வண்டி கிளம்பவில்லை, முள்ளும் அசையவில்லை என்றால் ரிலேவை விட்டுவிடுங்கள். 944-இல் இன்ஜினின் பின்புறம் பெல்ஹவுசிங் (ஃப்ளைவீலை மூடும் கூடு) மேல் இரண்டு சென்சார் இருக்கும், ஒன்று இன்ஜின் வேகத்துக்கு, மற்றது ரெஃபரன்ஸுக்கு, அதாவது இன்ஜின் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்ட. சூட்டில் அவற்றின் கனெக்டர் பொடிப்பொடியாக உதிரும், சூடானதும் சிக்னலும் விடும். அதனால்தான் ரிலேவோடு குழம்பிவிடுகிறது. முதலில் கனெக்டரைப் பாருங்கள், பிறகு சென்சார் முனைக்கும் ஃப்ளைவீலுக்கும் உள்ள இடைவெளியை. அது 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.