புற ஊதா பிரஷ் பெட்டி: எங்கள் ஊர் ஈரத்துக்கு ஏற்றதில்லை

பல் துலக்கும் பிரஷ்களைக் கிருமி அண்டாமல் காக்கும் என்று சொல்லி விற்கும் புற ஊதாக் கதிர்ப் பெட்டி ஒன்று கோலாலம்பூரின் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் குளியலறைச் சுவரில் சில மாதங்களாக இருக்கிறது. தீபாவளிக்கு நாத்தனார் வாங்கிக் கொடுத்தது. விலை 69 ரிங்கிட். இதே அச்சுப் பெட்டி பல பெயர்களில் கிடைப்பதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

நாத்தனார் அக்கறையோடுதான் வாங்கினார். என் மாமியாருக்குக் கீமோதெரபி நடக்கிறது. அந்தச் சிகிச்சையில் வெள்ளையணுக்கள் குறையும், வாயெல்லாம் புண்ணாகும். நம் உடம்பு பொருட்படுத்தாத நுண்ணுயிர்கூட அவரைப் படுக்கையில் தள்ளிவிடலாம். ஆகவே பெட்டியை ஒவ்வொரு நாளும் திறந்து, தொட்டு, முகர்ந்து பார்த்தேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். நான்கு பிரஷ்கள் ஒன்றோடொன்று உரசாமல் நிற்கின்றன. மூடியைத் திறந்ததும் விளக்கு அணைந்துவிடுகிறது. கிருமியைக் கொல்லும் கதிர் கண்ணையும் தோலையும் சுடும் என்பதால் இது அவசியம். பக்கத்தில் உள்ள பற்பசை பிதுக்கியும் நன்றாக வேலை செய்கிறது.

குறை அடிப்பகுதியில் இருக்கிறது. பிரஷ்ஷிலிருந்து வடியும் நீர் வெளியேற ஒரு துளைகூடக் கிடையாது. இரவு வைத்த பிரஷ் காலையிலும் ஈரமாகவே இருந்தது. தட்டில் வெண்மையாக வழவழப்பு படிந்தது. கோலாலம்பூர் காற்றில் ஈரப்பதம் சராசரியாகவே 80 சதவீதம். எங்கள் குளியலறையில் கழிப்பறையும் அதிலேயே அடக்கம். சன்னல் கட்டடத்துக்கு நடுவே காற்றுக்காக விட்ட காற்றுக்கிணற்றைப் பார்த்தது. இதற்குள் இன்னொரு மூடியும் போட்டால் பிரஷ் எப்படி உலரும்? பாக்டீரியாவுக்கு வேண்டியது ஈரம்தான்.

ஒளி மட்டும் போதாதா என்று நாத்தனார் கேட்டார். சுமார் 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிர் கிருமிகளின் மரபணுவைச் சிதைக்கும் என்பது உண்மை. ஆனால் நேராகப் படும் இடத்தில்தான் அது வேலை செய்யும். நெருக்கமான நைலான் இழைகளின் அடிவாரம் நிழலில் கிடக்கிறது. ஒட்டியிருக்கும் பற்பசையும் கதிரை மறைக்கிறது. கண்ணுக்குத் தெரியும் நீல வெளிச்சத்தை நம்பவும் முடியாது, ஏனென்றால் அந்தக் கதிர் கண்ணுக்கே தெரியாது. இந்தப் பெட்டியின் அட்டையில் 99.9 சதவீதக் கிருமிகள் அழியும் என்று பெரிதாக அச்சிட்டவர்கள் அலைநீளத்தை எங்கும் போடவில்லை. எனக்கு அது கோபத்தையே தந்தது. நோயாளி உள்ள வீட்டில் அந்த எண்ணை நம்பித்தானே வாங்குகிறார்கள்!

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் அறிவுரை எளிமையானது: பிரஷ்ஷைக் குழாய் நீரில் நன்றாக அலசி, நிமிர்த்தி வைத்து, காற்றில் உலரவிட வேண்டும், மூடிய பெட்டியில் வைப்பதை வழக்கமாக்கக் கூடாது, 3 முதல் 4 மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒருவர் பிரஷ்ஷை இன்னொருவர் தொடவே கூடாது. இழைகள் வளைந்துவிட்டால் அந்தக் கெடு வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போது மாமியாரின் பிரஷ் தனியாக, சமையலறைச் சன்னலோரம், அடியில் துளைகள் உள்ள எட்டு ரிங்கிட் எவர்சில்வர் தாங்கியில் நிற்கிறது. கழிப்பறையில் தண்ணீர் இழுக்கும்போது தெறிக்கும் நுண்துளிகளும் அங்கே எட்டாது. மதியத்துக்குள் இழைகள் மொரமொரவென்று காய்ந்துவிடுகின்றன. கிருமிநாசினி வாய்க்கொப்பளிப்பானில் பிரஷ்ஷை நனைக்கலாமா என்பதை மட்டும் அவருடைய மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்கிறோம்.

பெட்டிதான் வேண்டும் என்பவர்கள் கடையிலேயே அதைக் கவிழ்த்துப் பாருங்கள். நீர் வடியும் துளை, கழற்றிக் கழுவும் தட்டு, அட்டையில் அலைநீளம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். இல்லாததை 20 ரிங்கிட்டுக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.