உபுண்டு 24.04: எல்லாம் சரி, அந்த வைஃபை மட்டும்

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் 22.04 பதிப்பிலிருந்து 24.04க்கு மாறலாமா என்று கேட்டால் பதிலுக்கு ஒரு கேள்விதான்: லேப்டாப்பில் வைஃபை சிப் எது? டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளை கொடுத்து, நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று வரும் வரியைப் பாருங்கள். இன்டெல் என்று இருந்தால் கவலையே இல்லை; அப்கிரேடை ஓடவிட்டு வேறு வேலை பார்க்கலாம். பிராட்காம் 4352, 4360, 43142 என்று ஏதாவது இருந்தால் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். 22.04 வெளிவந்தபோது கெர்னல் (இயங்குதளத்தின் மையக் கரு) 5.15, 24.04 வந்தது 6.8உடன். இவ்வளவு பெரிய தாவலில் டச்பேட், வெப்கேம், சவுண்ட், இன்டெல் கிராஃபிக்ஸ் எல்லாம் முனகாமல் கூடவே வந்துவிடுகின்றன. காரணம், அவற்றை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே வாழ்கின்றன. கெர்னலை மாற்றுகிறவர்களே அவற்றையும் சேர்த்துத் திருத்திவிடுகிறார்கள். பத்து வருடப் பழைய மெஷினுக்கு இந்த அளவு மரியாதை வேறெங்கும் கிடைக்காது.

மேலே சொன்ன சிப்களுக்கான பிராட்காம் எஸ்டிஏ டிரைவர் வாசலுக்கு வெளியே நிற்பது. அதன் வயிற்றுக்குள் இருப்பது ஏற்கெனவே கம்பைல் செய்து, அதாவது மெஷின் மொழிக்கு மாற்றி, மூடிய ஒரு பைனரி. மேலே, கெர்னலோடு பேசுவதற்கு மெல்லிய ஒரு சோர்ஸ் கோட் உறை. புதுக் கெர்னல் வரும்போதெல்லாம் அந்த உறையை மறுபடி கம்பைல் செய்து பைனரியோடு ஒட்ட வேண்டும். இதைத் தானாகச் செய்வதுதான் டிகேஎம்எஸ். தயாரிப்பாளர் கடைசியாகக் கொடுத்த பதிப்பு 6.30.223.271, ஆண்டு 2015. கெர்னலோ தன் உள் இடைமுகங்களை மாற்ற மாட்டேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. ஒரு ஃபங்ஷனில் ஒரு ஆர்குமென்ட் கூடினால் போதும், உறை கிழிந்துவிடும். கிழிகிற இடத்திலெல்லாம் டெபியன், உபுண்டு பராமரிப்பாளர்கள் பேட்ச் போட்டுத் தைக்கிறார்கள். இன்றைக்கு அது ஓடுகிறதென்றால் அவர்கள் புண்ணியம்.

எரிச்சல் எங்கே என்றால், இது சத்தமில்லாமல் சாகும். அப்கிரேடில் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும்போது நடுவில் ஒரே ஒரு வரி, 'பேட் ரிட்டர்ன் ஸ்டேட்டஸ்' என்று வந்து போகும். ரீபூட் செய்தால் வைஃபை ஐகானே இருக்காது. சரிசெய்யப் பேக்கேஜ் இறக்க வேண்டும். இறக்க நெட் வேண்டும். நெட் வர அந்தப் பேக்கேஜ் வேண்டும். என்விடியா டிரைவர் உடைந்தாலும் நூவோ என்ற திறந்த டிரைவர் திரையையாவது காட்டும். இங்கே பிடித்துக்கொள்ள அப்படி எதுவும் இல்லை.

ஆகவே அப்கிரேட் பொத்தானை அழுத்தும் முன் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போட்டு, நெட் வருகிறதா என்று சோதியுங்கள். அதற்கான டிரைவர் கெர்னலிலேயே இருப்பதால் எதுவும் நிறுவ வேண்டாம். அடுத்து, ஓடுகிற கெர்னல் எண்ணைக் காட்டும் யூநேம் -ஆர் கட்டளை. 22.04இலேயே எச்டபிள்யூஇ (பழைய பதிப்புக்கும் புதுக் கெர்னல் தரும் உபுண்டு ஏற்பாடு) வழியாக 6.8 ஏறியிருந்து, வைஃபையும் ஓடுகிறதென்றால் பாதி ஆபத்து தாண்டியாயிற்று. டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் கொடுத்தால் அந்தக் கெர்னல் எண்ணுக்கு நேராக 'இன்ஸ்டால்டு' என்று இருக்க வேண்டும். 'ஆடட்' என்று மட்டும் இருந்தால் கம்பைல் ஆகவில்லை. பெரும்பாலும் காரணம், கம்பைல் செய்யத் தேவையான கெர்னல் ஹெட்டர் பேக்கேஜ் இல்லாததுதான். கெர்னல் இமேஜை மட்டும் தனியாகப் போட்டவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

ஹெட்டர் இருந்தும் உடைந்தால் /வார்/லிப்/டிகேஎம்எஸ் அடியில் அந்த மாட்யூலின் (கெர்னலோடு சேரும் டிரைவர் துண்டு) பில்ட் ஃபோல்டரில் இருக்கும் மேக்.லாக் ஃபைலைத் திறந்து, முதல் பிழையை மட்டும் படியுங்கள்; மற்றவை அதன் வால். 22.04இல் 6.5 கெர்னல் வந்தபோது, கம்பைல் செய்யும் புரோகிராமான ஜிசிசி ஒரு ஆப்ஷனைத் தெரியாது என்று புலம்பியது. கெர்னலைக் கட்டியது ஜிசிசி 12, மெஷினில் இருந்ததோ 11. ஜிசிசி-12 நிறுவியதும் சரியாகிவிடும். டிரைவரில் குற்றமே இல்லை.

மாட்யூல் கம்பைல் ஆகியும், அதை ஏற்றும் மோட்ப்ரோப் கட்டளை 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்றால் அது செக்யூர் பூட், அதாவது நம்பிக்கையான கையெழுத்து இல்லாத மாட்யூலை மறுக்கும் பாதுகாப்பு. மோக்யூட்டில் என்ற கட்டளைக்கு --இம்போர்ட் கொடுத்து /வார்/லிப்/ஷிம்-சைன்டு/மோக் ஃபோல்டரில் உள்ள சாவியைச் சேர்க்க வேண்டும். கேட்கிற பாஸ்வேர்டு அடுத்த பூட்டுக்கு மட்டும்தான். ரீபூட்டில் நீலத் திரை வந்து பத்தே வினாடி காத்திருக்கும். அதைத் தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அந்தத் திரையில் கீபோர்டு அமெரிக்க லேஅவுட்டில்தான் இருக்கும் என்பதால் பாஸ்வேர்டில் விசேஷக் குறிகள் வேண்டாம்.

வைஃபை திரும்பி வந்ததைக் கண்ணால் பார்க்கும்வரை பழைய கெர்னல்களை நீக்கிவிடும் ஆட்டோரிமூவ் கட்டளை பக்கமே போகாதீர்கள். பழைய கெர்னல் ஒன்று டிஸ்கில் இருந்தால் பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியாக அதில் பூட் செய்து தப்பிக்கலாம்.

இத்தனையும் ஒருமுறை செய்தால் முடிந்தது என்றால் பரவாயில்லை. 24.04இலும் எச்டபிள்யூஇ கெர்னல் 6.11, 6.14 என்று ஏறிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு படியிலும் இதே நாடகம். நிரந்தர மருந்து கார்டை மாற்றுவதுதான்: ஒரு ஸ்க்ரூ, இரண்டு ஆன்டெனா ஒயர். பழைய மினி பிசிஐஇ ஸ்லாட் என்றால் இன்டெல் 7260இன் அரை அளவு கார்டு, எம்.2 என்றால் ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210. ஏஎக்ஸ்201 வாங்கிவிடாதீர்கள், பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் சிஎன்விஐ (வைஃபையின் ஒரு பகுதியை இன்டெல் சிப்செட்டே செய்யும் முறை) வசதி உள்ள இன்டெல் பிளாட்ஃபார்மில் மட்டும்தான் வேலை செய்யும். மினி பிசிஐஇ, எம்.2 இரண்டுக்கும் ஆன்டெனா முனை அளவு வேறு. சில லேப்டாப்களின் பயாஸ், தன் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் பூட்டே ஆகாது. வாங்கும் முன் உங்கள் மாடலுக்கு இதைப் பார்த்துவிடுங்கள்.

24.04 நல்ல பதிப்பு, வேகமாக இருக்கிறது, 22.04ஐ விட எல்லா வகையிலும் மேல். ஆனாலும் பிராட்காம் கார்டு உள்ளே இருக்கும்வரை மாறாதீர்கள் என்றே சொல்வேன். 22.04க்கு 2027 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அப்படியும் மாறியே தீருவேன் என்றால், அந்த யூஎஸ்பி கேபிளை லேப்டாப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம்.